தலைமைக்கு வந்த சோதனை

(பத்தாம் வகுப்பு மாணவி)

'விளையாட்டு வினையாகும்' என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். கைபேசி விளையாட்டைப் பற்றி நம் பள்ளி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று அருட்சகோதரிகள் வியக்கக்கூடும். பெற்றோர் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடவும் கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். விளையாட்டு நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. அந்த விளையாட்டின் மூலம் எனக்கு ஒரு சிறிய தலைமைப் பதவி கிடைத்தது. அதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அந்தத் தவறு எனக்கு ஒரு கருத்தை உறுதியாகக் கற்றுக்கொடுத்தது. ஒரு கூட்டத்துக்கு மாற்றம் வரும் காலத்தில், சத்தமில்லாமல் பின்தங்கி நிற்பவர் யார் என்று பார்ப்பதே தலைவரின் முதல் கடமை என்பதுதான் அது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இணைய விளையாட்டில் பலர் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் குழுவுக்குக் 'கில்டு' என்று பெயர். அதற்கு ஒரு தலைவர் உண்டு. துணைப் பொறுப்பாளர்கள் உண்டு. உறுப்பினர் பட்டியலும் உண்டு. இந்தச் சொல் புதியதன்று. இடைக்கால ஐரோப்பாவில் வணிகரும் கைவினைஞரும் அமைத்த சங்கங்களுக்கு இதுதான் பெயர். நம் தமிழகத்திலும் அப்படிப்பட்ட வணிகக் குழுக்கள் இருந்தன. மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், ஐந்நூற்றுவர் என்றெல்லாம் அவர்களுக்குப் பெயர். சுமத்திரா தீவின் பாருஸ் என்னும் இடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அது ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. முகம் தெரியாத ஊரில், மொழி தெரியாத மக்களிடையே ஒருவரையொருவர் நம்பி வாழ அவர்களுக்குக் குழு தேவைப்பட்டது. நாங்கள் அவ்வளவு பெரியவர்கள் அல்லர். எங்கள் கில்டின் பெயரை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் குழுவைத் தொடங்கியவர் என் பெரியம்மா மகன். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது தெருவில் கிரிக்கெட் ஆட முடியாமல் போனது. அப்போது டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி, எர்ணாவூர் வரை இருந்த நண்பர்களையும் அவர்களுடைய தம்பி தங்கையரையும் அண்ணன் பப்ஜி விளையாட்டில் ஒன்று சேர்த்தார். மொத்தம் 24 பேர். அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அவற்றுள் பப்ஜியும் ஒன்று. அக்டோபர் 30ஆம் தேதியோடு அந்த விளையாட்டு நம் நாட்டில் முற்றிலும் நின்றுபோனது. பல குழுக்கள் அன்றே கலைந்தன. அண்ணன் ஒவ்வொருவரிடமும் பேசி, எல்லாரையும் ஃப்ரீ ஃபயர் என்னும் விளையாட்டுக்கு அழைத்துச் சென்றார். 2021 ஜூலையில் பப்ஜியே வேறு பெயரில் இந்தியாவுக்கென்று திரும்பி வந்தபோது சிலர் அங்கே போக விரும்பினார்கள். அண்ணன் தடுக்கவில்லை. "எப்போ வேணா திரும்பி வரலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். இருவர் திரும்பியும் வந்தார்கள்.

2022 பிப்ரவரியில் மறுபடியும் 54 செயலிகளுக்குத் தடை வந்தது. இம்முறை ஃப்ரீ ஃபயரும் அதில் அகப்பட்டது. ஆனால் அதே விளையாட்டின் மேம்பட்ட வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்தது. பழைய கணக்கைக் கொண்டே அதில் நுழையலாம். "அப்படியானால் ஒரு சிக்கலும் இல்லையே!" என்று நாங்கள் குதித்தோம். அண்ணன் மட்டும் குதிக்கவில்லை. மேக்ஸுக்குச் சற்று நல்ல கைபேசி வேண்டும். எங்களில் ஐந்து பேரிடம் இருந்தவை பழைய கைபேசிகள். "இந்த அஞ்சு பேருக்கும் ஒரு வழி பொறக்கற வரைக்கும் நம்ம கில்டு எந்தப் போட்டியிலும் சேராது" என்று அண்ணன் அறிவித்தார். எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் வழி பிறந்தது. வீட்டில் இரண்டு கைபேசி இருந்தவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் மற்றவருக்குக் கொடுத்தார்கள். யாருக்கு எந்த நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வேலை எனக்கு வந்தது. அந்த வேலையின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

2023 ஜூன் மாதம் அண்ணனுக்கு மணலியில் வேலை கிடைத்தது. "நோட்டு எழுதினவதான் இனிமே லீடர்" என்று சொல்லித் தலைமையை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. பையன்கள் சிலர் முணுமுணுத்தார்கள். "பொண்ணு லீடரா?" என்று கேட்டு இருவர் விலகியும் போனார்கள். அது என் மனத்தைத் தைத்தது. ஆண்பிள்ளைகளை விட நான் கண்டிப்பானவள் என்று காட்டவேண்டும் என்ற வீம்பு பிறந்தது. நவம்பர் மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். 'ஏழு நாள் விளையாட வராதவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்' என்பதே அச்சட்டம். யாரையும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. சட்டம் வந்ததும் எங்கள் குழுவின் குளோரிப் புள்ளிகள் மளமளவென்று ஏறின. நான் நல்ல தலைவி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை வந்தது. அந்த நாட்களை வடசென்னையில் யாரும் மறக்க மாட்டோம். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் மூன்றாம் நாள்தான் வந்தது. பள்ளிக்கு விடுமுறை, அரையாண்டுத் தேர்வும் தள்ளிப்போயிற்று. மின்சாரம் வந்ததும் கைபேசியைத் திறந்து பார்த்தேன். புள்ளிகள் சரிந்து கிடந்தன. பலர் வந்துவிட்டார்கள், நான்கு பேர் மட்டும் வரவில்லை. ஏழு நாள் முடிந்த அன்று இரவு, சட்டம் சட்டமே என்று நான்கு பெயர்களையும் நீக்கினேன். ஒரு பெயரை நீக்க ஒரு விநாடி கூட ஆகாது. விரலால் தொட்டால் போதும்.

பத்து நாள் கழித்து வேறு யாருடைய எண்ணிலிருந்தோ எனக்குக் குரல் செய்தி ஒன்று வந்தது. எங்கள் குழுவிலேயே சிறியவனான எண்ணூர்த் தம்பியின் குரல். அப்போது அவன் ஆறாம் வகுப்பு. "அக்கா, பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்து பேசறேன். என்னை ஏன் தூக்கிட்டீங்க? நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்று கேட்டிருந்தான்.

அவன் ஒரு தவறும் செய்யவில்லை. அவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. மழைத் தண்ணீர் அவர்கள் வீட்டில் புகுந்தது. அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. அந்த டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், மீனவர்களே படகில் சென்று வாளியால் எண்ணெயை அள்ளியதையும் நாம் செய்தித்தாள்களில் படித்தோம். நான் படிக்கும்போது அது செய்தி. அவனுக்கு அது வீடு. அவன் அப்பாவின் வலையெல்லாம் கறுப்பாகிவிட்டது. கைபேசி தண்ணீரில் போய்விட்டது. இவ்வளவுக்கும் நடுவே தன் பெயர் பட்டியலில் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்பதற்காகப் பக்கத்து வீட்டில் கைபேசி இரவல் வாங்கியிருக்கிறான்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா காரணம் கேட்டார்கள். என் அம்மாவுக்கு இந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது. "பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி விளையாட்டு என்னத்துக்கு?" என்று நாள்தோறும் திட்டுவார்கள். ஆகையால் பயந்துகொண்டேதான் சொன்னேன். அம்மா திட்டவில்லை. எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவில் அம்மாவும் ஓர் உறுப்பினர். "எங்க குழுவுல ஒருத்தி ரெண்டு வாரம் வரலைன்னா நாங்க பேரை அடிக்க மாட்டோம்டி. அவ வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். புருஷனுக்கு உடம்பு சரியில்லையா, வேலை போயிடுச்சான்னு கேப்போம். பேரை அடிக்கிறதுக்கு ஒரு தலைவி எதுக்கு? பேனா போதாதா?" என்றார்கள்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம் மாநிலத்தில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பிறகு எல்லா ஊர்களுக்கும் பரவின. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத தாய்மார்களே அவற்றை நடத்திக் காட்டினார்கள். ஆங்கிலவழியில் படிக்கும் எனக்குத் தெரியாத தலைமைப் பாடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அம்மா, அண்ணன், நான் மூவரும் எண்ணூருக்குப் போனோம். அம்மா ஒரு பையில் அரிசியும் இரண்டு போர்வையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் நுழைந்ததுமே எண்ணெய் நாற்றம் அடித்தது. வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. தம்பி என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "அக்கா, நம்ம கில்டு இப்ப எத்தனாவது இடம்?" என்றுதான் முதலில் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வீடு திரும்பியதும் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். நான் செய்தது தவறு என்று எழுதினேன். நீக்கிய நால்வரையும் திரும்பச் சேர்த்தேன். ஒருவன் வர மறுத்துவிட்டான். அதுவும் எனக்கு வேண்டியதுதான். சட்டத்தையும் மாற்றினோம். இம்முறை எல்லாரும் சேர்ந்து பேசி மாற்றினோம். 'ஒருவர் ஐந்து நாள் வரவில்லை என்றால், அருகில் இருக்கும் உறுப்பினர் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்' என்பதே இப்போதைய சட்டம். புள்ளிகள் குறைந்தன. குறையட்டும் என்று விட்டுவிட்டோம்.

அன்புத் தோழியரே! மறைக்கல்வி வகுப்பில் காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நூறு ஆடுகளில் ஒன்று தவறியபோது, தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போன ஆயனின் கதையைத் தேர்வில் நான் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் என் கையில் பட்டியல் வந்தபோது நான் தேடிப் போகவில்லை. கணக்கை நேர் செய்தேன்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்திலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி வருகிறது. தொடக்கத் திருச்சபையில் சீடர் தொகை பெருகியது. அந்த மாற்றத்தின்போது, கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள், அந்தப் பணிக்கென்றே எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். புனித ஸ்தேவான் அவர்களுள் ஒருவர். கூட்டம் வளரும்போதும் மாறும்போதும் யாரோ ஒருவர் விடுபட்டுப் போவது அன்றும் நடந்திருக்கிறது. அதைக் கேட்டவுடன் திருத்தூதர்கள் செய்ததை நாமும் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

"திரையில் தெரியும் பெயர்களெல்லாம் உண்மையான நட்பா?" என்று பெற்றோர் கேட்கலாம். அவர்களுக்கு நார்வே நாட்டு இளைஞர் மேட்ஸ் ஸ்டீனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். தசைகள் நலிந்துபோகும் நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், 2014இல் தம் 25ஆம் வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். மகன் எழுதி வந்த இணையப் பக்கத்தில் தந்தை மரணச் செய்தியை அறிவித்தார். உடனே பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் அவர் சேர்ந்திருந்த ஸ்டார்லைட் என்ற கில்டின் தோழர்கள் எழுதியவை அவை. சிலர் வெளிநாடுகளிலிருந்து அடக்கச் சடங்குக்கே வந்தார்கள். 2024இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. பட்டியலில் இருந்த ஒரு பெயரை அந்தத் தோழர்கள் ஒரு மனிதராகக் கண்டார்கள். நான் அதே போன்ற ஒரு பெயரை விரலால் தள்ளினேன்.

இதைப் படித்துவிட்டு, இணைய விளையாட்டுக்கு நான் நற்சான்று தருவதாக யாரும் எண்ண வேண்டாம். பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. படிப்பு கெடுகிறது, கண் கெடுகிறது, முகம் தெரியாதவர் பேச வருகிறார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் பல குடும்பங்கள் சீரழிந்ததால்தான் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றியது. எங்கள் விளையாட்டு அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் நாங்களும் எங்களுக்கென்று கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். நேரில் தெரியாதவரைச் சேர்ப்பதில்லை. இரவு 9 மணிக்கு மேல் ஆடுவதில்லை. பணம் கொடுத்து எதையும் வாங்குவதில்லை. தேர்வு மாதங்களில் கில்டுக்கு விடுமுறை. இவையும் எல்லாரும் கூடிப் பேசி வைத்தவையே. ஆகையால் பெரும்பாலும் மீறப்படுவதில்லை.

கடைசியாக இன்னொரு மாற்றமும் வந்தது. இம்முறை மாறியவள் நானே. பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. பொதுத்தேர்வு எதிரே நிற்கிறது. ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எண்ணூர்த் தம்பியின் குரல் நினைவுக்கு வந்தது. 2025 ஏப்ரலில், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், ஜூன் மாதத்தோடு பொறுப்பை விடப்போவதாக எல்லாருக்கும் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அந்த இரண்டு மாதமும் இருவர் என்னோடு சேர்ந்து எல்லா வேலையையும் பார்த்தார்கள். மோசே மக்களின் வழக்குகளையெல்லாம் காலை முதல் மாலை வரை தாம் ஒருவரே தீர்த்துக் களைத்தபோது, பொறுப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும்படி அவருடைய மாமனார் அறிவுரை சொன்னார் அல்லவா? நான் அதை இரண்டு ஆண்டு தாமதமாகக் கேட்டேன். இப்போது காலடிப்பேட்டையிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலைவி. வராதவர் யார் என்று பார்த்துத் தேடும் பொறுப்பு எண்ணூர்த் தம்பியிடம் இருக்கிறது. அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

நம்மில் கில்டு நடத்துபவர் சிலரே இருப்பர். ஆனால் வகுப்புத் தலைவி உண்டு. விளையாட்டு அணித் தலைவி உண்டு. பாடகர் குழுவுக்குத் தலைவி உண்டு. நாளை நம்மில் பலர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தலைவிகள் ஆவோம். புது ஆசிரியை வருவார், புதுப் பாடத்திட்டம் வரும், புதுச் சட்டம் வரும். அப்போது மூன்று காரியங்களைச் செய்வோம். மாற்றத்தின் காரணத்தை எல்லாருக்கும் விளக்குவோம். பழகிக்கொள்ள நாள் கொடுப்போம். வராமல் போனவர் பெயரை அடிக்கும் முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

திருவொற்றியூர்த் தேரோட்டத்தையோ இராயபுரம் புனித இராயப்பர் ஆலயத் தேர்ப்பவனியையோ பார்க்காதவர் நம் பகுதியில் இல்லை. பெரிய தேர் நேர்த் தெருவில் வரும்போது வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். தெரு முனையில் திரும்பும்போது தேர் நிற்கிறது. சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு ஒருவர் குனிந்து உட்காருகிறார். சக்கரத்துக்கு அருகில் குழந்தை யாரும் நிற்கிறதா என்று பார்க்கிறார். அவர் கை காட்டிய பிறகுதான் வடம் மறுபடி இழுக்கப்படுகிறது. அவர் முகம் நமக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை தேர் பார்க்கப் போகும்போது அவரையும் ஒரு முறை பாருங்கள், தோழியரே!